ஒளி கூறும் சாட்சி

ஒன்றுக்கொன்று முரணான இரு சாட்சிகள் நம்முன் நிற்கின்றன. இருவரும் பொய்யர் அல்லர். அந்நிலையில் அறிவு நேர்மையுடையோர் செய்யத்தக்கது யாது? ஒளியின் வரலாறு எழுப்பும் வினா இதுவே.

ஒளி நுண்ணிய துணிக்கைகளின் ஓட்டம் என்றே நியூற்றன் கருதினார். 1704இல் வெளிவந்த அவரது ஒளியியல் நூலின் செல்வாக்கு ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1801இல் தோமஸ் யங் ஒளியை அலையென வாதிட்டார். அருகருகேயுள்ள இரு துவாரங்களினூடாக வரும் ஒளி, திரையில் வெளிச்சமும் இருளுமாக வரிகளை இடும். ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் பிறப்பதை அலையைக்கொண்டே விளக்க முடிந்தது. ஆயினும் யங் முதலிற் பெற்றது ஏளனமே. நியூற்றன் என்னும் பெயரே மறுப்புக்குப் போதுமானதாயிற்று. அலைக்கொள்கை வெற்றிபெறப் பல ஆண்டுகள் சென்றன.

பின்னர் மற்றொரு சாட்சி வந்தது. துத்தநாகத் தகட்டின்மீது செந்நிற ஒளியை எவ்வளவு பாய்ச்சினும் ஓர் இலத்திரனும் வெளியேறுவதில்லை. மங்கலான புறஊதா ஒளியோ உடனே வெளியேற்றுகின்றது. ஒளியின் சக்தி சொட்டுச் சொட்டாகவே கொடுக்கப்படுகிறது என்றும், சொட்டின் அளவு ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்றும் 1905இல் ஐன்ஸ்ரைன் விளக்கினார். சக்திச்சொட்டுப் பௌதிகத்தின் தொடக்கப் படிகளுள் இஃதொன்று.

அமெரிக்க விஞ்ஞானி மில்லிக்கன் இதனை நம்பவில்லை. பல்லாண்டுகள் நுட்பமாகப் பரிசோதித்தார். 1916இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டையே உறுதிசெய்தன. ஒளிச்சொட்டு என்னும் கருத்தை அப்போதும் அவர் ஏற்கவில்லை. எனினும் தம் விருப்பத்துக்கு மாறான சாட்சியைத் தம் கையாலேயே பதிவுசெய்தார்.

அலையின் சாட்சியும் அழிந்துவிடவில்லை. ஒளியை ஒவ்வொரு சொட்டாக இரு துவாரங்களினூடே அனுப்பினும், திரையில் தனித்தனிப் புள்ளிகளே விழும். ஆயிரக்கணக்கிற் புள்ளிகள் சேர்ந்தபின் அவ்வரிகளே தோன்றும். அலை, துணிக்கை என்பன கடலையும் மணலையும் கண்ட மனிதன் ஆக்கிய சொற்கள். அவற்றுள் ஒன்றில் ஒளி அடங்காதது ஒளியின் குற்றமன்று.

இதனைக் காட்டி, ‘பார்ப்பவனே உலகைப் படைக்கிறான், உறுதியான உண்மை எதுவுமில்லை’ என்பாரும் உளர். எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதை நாம் தெரிவுசெய்கிறோம். அதன் முடிவை நம் விருப்பம் ஆக்குவதில்லை. மில்லிக்கனின் அளவீடுகள் அவரது விருப்பத்துக்கு வளைந்து கொடுத்தனவா?

உண்மையே இல்லை என்னும் மயக்கம் யாருக்கு உதவும்? வறியவனின் பசியையும் பார்வைக் கோளாறு என்று கூறத் துணிவோருக்கே உதவும்.