முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும்: கூடார முகாம் எழுப்பும் உரிமைக் கேள்வி

கூடார முகாம் ஒன்றில் இரண்டு வகை மனிதர்கள் அடுத்தடுத்துத் தங்குகிறார்கள். ஆண்டுதோறும் அதே மூலையில் கூடாரம் போட்டுப் பருவம் முழுவதும் இருப்பவர் ஒருவர். ஓரிரவோ ஈரிரவோ தங்கிவிட்டுப் போகிறவர் மற்றொருவர். தண்ணீர்க் குழாய் எங்கே, மழை பெய்தால் எந்தப் பக்கம் தேங்கும், பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் எத்தனை மணிக்கு உறங்குவார் என்பதெல்லாம் முன்னவருக்குத் தெரியும். பின்னவருக்கு எதுவும் தெரியாது. நிலமோ இருவருக்கும் சொந்தமில்லை. இரைச்சல், குப்பை, நடைவழி, நல்ல நிழல் என்று இவர்களிடையே எழும் பூசல்கள் சில்லறையானவை. அவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி பழையது: ஓரிடத்தில் நெடுநாள் இருந்தார் என்பதற்காகவே ஒருவருக்கு அவ்விடத்தின் மேல் கூடுதல் உரிமை வந்துவிடுமா?

விடுமுறை முகாமில் கட்டணமும் ஒப்பந்தமும் இதற்குப் பாதி விடை சொல்லிவிடும். வழிபாட்டுக்காகக் கூடும் முகாமில் அது போதாது. அங்கே நிலம் இறைவனுடையது என்பார்கள், அல்லது சங்கத்துடையது, அல்லது ஆற்றுடையது என்பார்கள். முகாம் அமைந்த நோக்கமே புதிதாக வருபவரை வரவேற்பதாகவும் இருக்கும். ஆகவே முந்தி வந்தவர் தம் முதன்மைக்கு எதைச் சான்றாகக் காட்டுவது என்பது அங்கே சிக்கலாகிறது. அமெரிக்க மெதடிஸ்ட் கிறித்தவர்களின் முகாம்கள், பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகள், பிரயாகையின் மாக மேளா ஆகிய மூன்றும் இச்சிக்கலை நடைமுறையில் எதிர்கொண்டவை.

காலம் உரிமையைத் தருமா?

மேலை மெய்யியலில் இதற்கு மூன்று முக்கியமான விடைகள் உண்டு. முதலாவது ஜான் லாக் 1689இல் அரசாங்கம் பற்றி எழுதிய இரண்டாம் ஆய்வுரையில் உள்ளது. பொதுவாகக் கிடந்த ஒன்றில் ஒருவர் தம் உழைப்பைச் சேர்க்கும்போது அது அவருடையதாகிறது என்பது லாக்கின் கருத்து. புதர் வெட்டிப் பாதை போட்டு, கூடார வாசலில் பூச்செடி வளர்த்தவர் சொல்லும் வாதமும் இதுதான். ஆனால் லாக் ஒரு நிபந்தனை வைத்தார்: பிறருக்கும் போதிய அளவில், அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். நிழலும் நீரும் அருகிலுள்ள இடங்கள் எந்த முகாமிலும் சிலவே என்பதால் இந்த நிபந்தனை அங்கே எளிதில் நிறைவேறுவதில்லை.

இரண்டாவது டேவிட் ஹியூமின் விடை. நெடுநாள் கைவசம் இருந்தது உடைமையாகிவிடுவதை அவர் ஏற்கிறார். சமூகம் அமைதியாக நடக்க அது தேவை. ஆயினும் காலம் பொருளுக்குள் எதையும் உண்டாக்கிவிடுவதில்லை என்கிறார். நிலம் நேற்று இருந்ததுபோலவே இன்றும் இருக்கிறது. ‘என் இடம்’ என்பது மனத்தில் ஊறிய பழக்கம். பழக்கத்துக்கு மதிப்பு உண்டு, அதை அறமாக உயர்த்திவிடலாகாது என்பதை இதிலிருந்து பெறலாம்.

மூன்றாவது இம்மானுவேல் காண்ட் 1795இல் நிரந்தர அமைதி குறித்து எழுதிய நூலில் வகுத்தது. வந்து பார்க்கும் உரிமை வேறு, விருந்தினராகத் தங்கும் உரிமை வேறு. பூமி உருண்டையானது, மனிதர்கள் எல்லையின்றி விலகிப் போக முடியாது, ஆகவே ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருப்பதைப் பொறுத்தே ஆகவேண்டும். ஆதியில் எந்த இடத்தின் மேலும் எவருக்கும் பிறரைவிட அதிக உரிமை இருந்ததில்லை. எனவே பகையின்றி வந்து நிற்பது எல்லாருக்கும் உள்ள உரிமை. தங்குவதற்கோ தனி உடன்பாடு வேண்டும். ஐரோப்பியர் பிற நாடுகளுக்குச் ‘சென்று பார்த்தது’ கைப்பற்றுதலாக முடிந்ததைக் கண்டித்த காண்ட், வருபவரின் உரிமைக்கும் எல்லை உண்டு என்பதை அதே இடத்தில் காட்டினார்.

மறைநூலும் முகாமும்

நிலம் எனக்குரியது, நீங்கள் என்னிடத்தில் அந்நியரும் வழிப்போக்கருமே என்று இறைவன் கூறுவதாக லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. அதன்படி நிரந்தரக் குடி என்று எவரும் இல்லை. யூதர்களின் கூடாரப் பண்டிகை இதை உடலால் உணரச் செய்கிறது: ஏழு நாள் வீட்டை விட்டுக் குடிசையில் இருக்க வேண்டும். அந்தக் குடிசை இருபது முழத்துக்கு மேல் உயர்ந்தால் செல்லாது என்பது யூத மரபின் விதி. அவ்வளவு உயரத்துக்கு நிலையான கட்டடம்தான் தேவைப்படும் என்பது அதற்குத் தரப்படும் காரணங்களுள் ஒன்று. அந்த விழாவின் மகிழ்ச்சியில் அந்நியரும் அநாதைகளும் விதவைகளும் பங்குபெற வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை இன்னும் நேராக இக்கேள்வியைத் தொடுகிறது. விடியற்காலை முதல் வெயிலில் உழைத்தவருக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே கூலியைக் கொடுக்கிறார். முந்தி வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலி அவர்களுக்குக் குறைக்கப்படவில்லை. பிந்தியவருக்கும் அதே கிடைத்ததுதான் அவர்கள் குறை. அருளுக்கு வருகைப் பதிவேடு கிடையாது என்பது உவமையின் பொருள்.

இந்த மறைநூல்களைப் படித்தவர்களே அமெரிக்காவில் முகாம்களை அமைத்தார்கள். 1801இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் பல்லாயிரம் பேர் வண்டிகளில் வந்து நாள்கணக்கில் தங்கிப் பிரசங்கம் கேட்டார்கள். மெதடிஸ்டுகள் இந்த வடிவத்தை வளர்த்தெடுத்தார்கள். மாசச்சூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வெஸ்லியன் குரோவ் முகாம் 1835இல் ஒன்பது கூடாரங்களோடு தொடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வொரு சபையாரும் ஒரு பெரிய கூடாரத்தில் சேர்ந்து தங்கினார்கள். பிறகு குடும்பக் கூடாரங்கள் வந்தன. 1860களில் அவற்றின் இடத்தில் கூடாரத்தைப் போலவே குறுகிய முகப்பும் கூர்ங்கூரையும் கொண்ட மரவீடுகள் எழுந்தன. கூட்டம் நடக்கும் சில நாட்களுக்கு முன்பும் பின்பும் குடும்பங்கள் தங்கத் தொடங்கின. பிரசங்கம் கேட்க வந்தவர்கள் இப்படிக் கோடைவாசிகள் ஆனார்கள். 1866இல் பக்கத்திலேயே உல்லாச விடுதி நகர் ஒன்று உருவாகத் தொடங்கியபோது முகாம் சங்கம் தன்னைச் சுற்றி உயரமான வேலி எழுப்பியது. புறத்தாரை அழைப்பதற்காகத் தோன்றிய இடம் ஒரே தலைமுறையில் புறத்தாரிடமிருந்து தன்னைக் காக்கும் இடமாகிவிட்டது.

நியூ ஜெர்சி கடற்கரையில் 1869இல் தொடங்கிய ஓஷன் குரோவ் இதே கதையின் நீண்ட வடிவம். நிலம் முழுவதும் முகாம் சங்கத்துக்கே சொந்தம். வீட்டுக்காரர்களுக்கு நிலம் குத்தகைக்கு மட்டுமே தரப்படுகிறது. 1894இல் கட்டிய பெரிய அரங்கைச் சுற்றி இன்றும் 114 கூடாரங்கள் உள்ளன. முன்பக்கம் கித்தான், பின்பக்கம் சமையலறையும் குளியலறையும் கொண்ட மரக்கொட்டகை. குளிர்காலத்தில் கித்தானைக் கழற்றிக் கொட்டகைக்குள் வைத்துவிடுவார்கள். அங்கே இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடாரம் என்பது பெயரளவில் தற்காலிகமானது. நடைமுறையில் அது குடும்பங்களின் நிலையான கோடை இல்லம்.

இவ்வூரின் சட்ட வரலாறு, நெடுநாள் இருப்பவர் போடும் விதி வந்துபோகிறவரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்ற விவாதமாகவே படிக்கத்தக்கது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்களில் வண்டி ஓடக் கூடாது என்ற தடை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. சமயச் சங்கம் நகராட்சியின் அதிகாரத்தைச் செலுத்த முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. கடற்கரை நடைமேடை மண்டபத்தை ஒரு தன்பால் இணையரின் விழாவுக்குத் தரச் சங்கம் 2007இல் மறுத்தது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்ற அடிப்படையில் வரிவிலக்குப் பெற்ற இடம் அது என்பதால், அந்த மறுப்பு பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மீறியது என்று 2012இல் நீதிபதி முடிவு செய்தார். ஞாயிறு காலையில் கடற்கரையை மூடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2023இல் ஆணையிட்டது.

சற்றுத் தெற்கே உள்ள ஏவன்-பை-த-ஸீ ஊர் பற்றிய 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதே கேள்வியைத் தொட்டது. வெளியூராரிடம் உள்ளூராரைவிட அதிகக் கடற்கரைக் கட்டணம் வாங்கியது அவ்வூர். கடலும் அதன் கரையும் மக்கள் அனைவருக்காகவும் அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை. பராமரிப்புக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம், ஆனால் அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

பௌத்த சங்கத்தின் விதிகள்

பௌத்தத் துறவிகள் மழைக்காலம் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கவும் மற்ற மாதங்களில் சுற்றித் திரியவும் விதிக்கப்பட்டவர்கள். எனவே ஒவ்வொரு விகாரையிலும் இருப்பவரும் வருபவரும் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். விநயபிடகம் என்ற ஒழுக்க நூலின் சுல்லவக்கம் என்ற பகுதி, வரும் துறவி, இருக்கும் துறவி, புறப்படும் துறவி என்ற மூவருக்கும் தனித்தனியே கடமைகளை வகுக்கிறது.

வருபவர் செருப்பைக் கழற்றித் தட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, குடையை மடக்கி, நிதானமாக உள்ளே வர வேண்டும். குடிநீர் எது, கழுவும் நீர் எது, தமக்குரிய அறை எது, அதில் யாராவது இருக்கிறார்களா, பிச்சைக்குப் போகும் இடங்கள் எவை என்று கேட்டறிய வேண்டும். ஆளில்லாத அறையானாலும் கதவைத் தட்டிச் சற்றுப் பொறுத்துத் திறக்க வேண்டும். அவசரமாகத் திறந்து நுழைந்த ஒருவர் தோளில் பாம்பு விழுந்ததால் வந்த விதி இது. இருப்பவர், வருபவர் தம்மினும் மூத்தவரானால் இருக்கை இட்டு, கால் கழுவ நீர் வைத்து, எதிர்கொண்டு சென்று பாத்திரத்தையும் சீவரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வருபவர் இளையவரானால் உட்கார்ந்தபடியே எதை எங்கே வைப்பது என்று சொன்னால் போதும். ஆனால் சொல்லியாக வேண்டும். புறப்படுபவர் பாண்டங்களை ஒழுங்குபடுத்தி, கதவு சன்னல்களைச் சாத்தி, அறையை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

மரியாதைகள் ஒருபுறமிருக்க, உரிமை பற்றியும் விநயம் தெளிவாகப் பேசுகிறது. உறைவிடங்கள் நாற்றிசைச் சங்கத்துக்கு உரியவை. வந்தவர்க்கும் இனி வரப்போகிறவர்க்கும் சேர்த்தே அவை தானமாக அளிக்கப்பட்டன. நெருக்கம் தாங்காதவர் தாமாகவே போய்விடட்டும் என்ற எண்ணத்தோடு, முன்பே வந்து தங்கியவர் இடத்தில் இடித்துப் புகுவது குற்றம். சினங்கொண்டு சங்கத்தின் உறைவிடத்திலிருந்து ஒருவரை வெளியேற்றுவதும் குற்றம். மழைக்கால மூன்று மாதத்துக்கு ஓர் அறையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். அது கழிந்த பின்னும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. முந்தி வந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு, அந்தப் பாதுகாப்புக்குக் காலவரையும் உண்டு.

ஆற்று மணலில்

பிரயாகையில் மாக மாதம் முழுவதும், பௌஷ பூர்ணிமை தொடங்கி மாக பூர்ணிமை வரை, கங்கைக் கரையில் கூடாரத்தில் தங்கி நோன்பிருப்போர் கல்பவாசிகள் எனப்படுகிறார்கள். தரையில் படுக்கை, ஒரு வேளை உணவு, அன்றாடம் ஆற்றுக் குளியல், கூடார வாசலில் துளசி, விதைத்து முளைவிட்ட வாற்கோதுமை. தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டு இதைச் செய்வது நிறைவான நோன்பாகக் கருதப்படுகிறது. இவர்களுக்கு இடம் அமைத்துத் தரும் பரம்பரைப் புரோகிதர்கள் தங்கள் கொடியடையாளத்தைக் கம்பத்தில் உயர்த்தியிருப்பார்கள். முக்கிய நீராடல் நாட்களில், சிறப்பாக மௌனி அமாவாசையன்று, ஒரு முழுக்குப் போட்டுத் திரும்பும் பெருந்திரள் இவர்கள் நடுவே புகுகிறது. மாதம் முழுவதும் நோன்பிருந்தவருக்கும் ஒரே முழுக்கோடு போகிறவருக்கும் அதே நீர்தான்.

இங்கே நிலமே உரிமைக் கேள்விக்கு ஒரு விடை தருகிறது. மேளா நடக்கும் மணற்பரப்பு மழைக்காலத்தில் ஆற்றுக்குள் போய்விடும். ஒவ்வோராண்டும் நிர்வாகம் அதைப் புதிதாக அளந்து ஒதுக்க வேண்டியிருக்கிறது. நெருக்கடியும் இரைச்சலும் கல்பவாசிகளை வாட்டும் என்றே வெளியார் எண்ணுவார்கள். உளவியலாளர்கள் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட, மேளாவில் தங்கியவர்களின் உடல்நல உணர்வு மேம்பட்டிருந்தது. இரைச்சல் பற்றிய மற்றோர் ஆய்வில், ஒரே ஒலி மேளாவினுடையது என்று சொல்லப்பட்டபோது நகரத் தெருவினுடையது என்று சொல்லப்பட்டதைவிட இனிமையாகக் கேட்கப்பட்டது. வந்துபோகிறவரைத் தம்மவர் என்று கருதினால் தொல்லையின் அளவே மாறுகிறது. ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது. அதே கரையில் 2025ஆம் ஆண்டு நடந்த மகா கும்பமேளாவின் மௌனி அமாவாசை நெரிசலில் குறைந்தது 30 பேர் இறந்தார்கள். திரளை வரவேற்கும் இடத்துக்கு வழியும் ஒழுங்கும் அறமே.

தொகுத்து நோக்கினால்

மூன்று மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் கிடைக்கின்றன. நெடுநாள் இருந்தவருக்கு இரண்டு நியாயமான கோரிக்கைகள் உண்டு: பருவம் முடியும்வரை இடித்து வெளியேற்றப்படாதிருத்தல், தாம் பேணிய ஒழுங்கு மதிக்கப்படுதல். வருபவரைத் தடுக்கும் உரிமை இவற்றிலிருந்து பிறப்பதில்லை. இடத்தைப் பற்றிய அறிவு அவரிடம் இருப்பதால், சொல்லித் தரும் கடமை அவர் மேல் விழுகிறது. கேட்டறியும் கடமை வருபவர் மேல் விழுகிறது. கட்டணமும் விதியும் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் அவை நியாயத்தின் முதல் தேர்வில் தேறிவிடும்.

எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதே நியாயம் ஆகிவிடாது என்பதை ஓஷன் குரோவ் காட்டுகிறது. ஞாயிறு காலையில் கடற்கரையை மூடுவது கூடாரவாசியையும் வெளியூராரையும் ஒன்றுபோலவே தடுத்தது. ஆனால் அந்நேரம் அரங்கில் வழிபடுபவருக்கு அதனால் இழப்பில்லை. முழுச் சுமையும் அந்த நம்பிக்கை இல்லாதவர் மேல் விழுந்தது. இதற்கு எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. எந்த விதியும் இல்லாமல் திறந்துவிட்டால், வழிபாட்டுக்காக அமைந்த இடம் மற்றொரு கடற்கரையாகிவிடும். பிறகு வருபவர் தேடி வந்த தனித்தன்மையே அங்கிராது. எனவே ஒவ்வொரு விதியையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டியிருக்கிறது. அது முகாமின் நோக்கத்தைக் காக்கிறதா, முந்தி வந்தவரின் வசதியைக் காக்கிறதா? அது தடுக்கும் பொருள் முகாமுக்கே உரியதா, கடலையும் ஆற்றையும் போல் எல்லாருக்கும் உரியதா? அரங்குக்குள் அமைதி கேட்பது முகாமின் நோக்கத்தைக் காக்கும் வகை. அலைக்கு வேலி கட்டுவது எல்லாருக்கும் உரியதைத் தடுக்கும் வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றை அந்தந்த முகாம், வருபவரையும் உட்காரவைத்துப் பேசியே தீர்க்க முடியும்.