பிரம்மாஸ்திரமும் சணல் கயிறும்

சோழபுரத்தில், புளியமரத்தடியில் தகரச் சாய்ப்பு இறக்கி மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்திவரும் நண்பர், என் வண்டியின் அடியிலிருந்த நட்டைக் கழற்றி, உள்ளே இருந்த எண்ணெயை ஒரு பழைய தட்டில் வடியவிட்டு, அதில் ஆள்காட்டி விரலைத் தோய்த்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல வேற என்னத்த ஊத்துனீங்க?" என்று கேட்டபோது, உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பத்து நாளைக்கு முன் எண்ணெய் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் வண்டியின் வயதை விசாரித்து, துக்கம் கேட்க வந்தவர் போலத் தலையை அசைத்து, ஒரு சிறு புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதையும் எண்ணெயோடு சேர்த்து விட்டுவிட்டால் எஞ்சினுக்குள் உராய்வு என்பதே இராது என்றார். உராய்வே இராது என்ற அந்த வாக்கில் ஏதோ மோட்ச வாசனை வீசியது போலும். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்து பாதியை ஊற்றினேன். பலன், இராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியில், மலையடிவார மேட்டில் தெரிந்தது. எஞ்சின் அலறிற்று, வண்டியோ நின்ற இடத்திலேயே பெருமூச்சு விட்டது.

கார்களில் கிளட்ச் பெரும்பாலும் எண்ணெய் படாமல் தனித்து நிற்க, என் வண்டி போன்றவற்றில் எஞ்சினும் கியரும் கிளட்ச் தட்டுகளும் ஒரே எண்ணெயில் முழுகிக் கிடக்கின்றன. பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும். அதே எண்ணெயில் நனையும் கிளட்சுக்கோ பிடிமானம் வேண்டும். இதற்காகவே ஜப்பானியர் 1998-ல் ஒரு தரத்தை வகுத்து, கிளட்சை வழுக்கவிடாத எண்ணெய்க்கு 'ஜாஸோ எம்.ஏ.' என்ற முத்திரையை அளித்தார்கள். அந்த முத்திரையுள்ள எண்ணெயை வாங்கி, அந்த முத்திரைக்கு அர்த்தமே இல்லாதபடி செய்துவிட்டேன் நான். உராய்வற்ற உலகம் வேண்டுமென்று பிரார்த்திப்பவனுக்குப் பகவான் அதை அப்படியே அருளிவிட்டால் அவன் ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது என்பதை அந்த மேட்டில் நின்றுகொண்டு யோசித்தேன்.

ஆயினும் பின்னர் என்னை உறுத்தியது கிளட்ச் அன்று. போதுமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே, இது போதுமா, இன்னும் கொஞ்சம் எதையாவது சேர்த்தாலென்ன என்று மனம் ஏன் தவிக்கிறது என்ற பழைய கேள்விதான்.

"எல்லாம் கலப்படம், அந்தக் காலத்துச் சுத்தமான எண்ணெய் எங்கே?" என்று அங்கலாய்ப்பவர்களுடன் எனக்குச் சம்மதமில்லை. எதுவும் சேராத வெறும் எண்ணெய்க்கும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வரிசையில் 'எஸ்.ஏ.' என்று ஓர் இடம் இருந்தது. இன்றைய எஞ்சினுக்கு அது ஆகாது. நாம் வாங்கும் டப்பாவில் அழுக்கைக் கழுவும் சரக்கும், கழுவிய கரியை அடியில் படியவிடாமல் மிதக்கவைக்கும் சரக்கும், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கூட்டும், நுரையை அடக்கும் மருந்தும் முன்னமே சேர்ந்திருக்கின்றன. மாற்றிய சில நாட்களிலேயே எண்ணெய் கறுத்துவிட்டதென்று பலர் புலம்புகிறார்களே, அதுவும் இந்தச் சரக்கின் வேலைதான். எஞ்சினின் கரியை அது தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. ஆலகாலத்தை விழுங்கியவன் கழுத்துக் கறுத்ததற்காக அவனைக் குறைகூறுவார் உண்டோ?

சேர்ப்பதே பாவமென்றால் எங்கள் பக்கத்து நாச்சியாருக்கே அது சம்மதமாயிராது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி நீராட்டு உற்சவத்தின்போது ஆண்டாளுக்குத் திருமுக்குளக்கரை மண்டபத்தில் எண்ணெய்க்காப்பு நடக்கிறது. அதற்கான தைலம் நல்லெண்ணெயோடு பசும்பாலும் இளநீரும் நெல்லிக்காயும் தாழம்பூவும் இன்னும் பலவுமாக 61 வகைப் பொருள்கள் சேர்த்து, 40 நாட்கள் காய்ச்சி இறக்கப்படுவது. எது முன், எது பின், எது எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் அடுப்பை அவிப்பது என்பதெல்லாம் பரம்பரையாகக் காய்ச்சுகிறவர்களின் கைக்கே தெரிந்த கணக்கு. இறக்கி ஆறிய அந்தத் தைலத்தில், இன்னும் விசேஷமாக இருக்கட்டுமே என்று வழியில் போகிற பக்தர் ஒருவர் தம் வீட்டுப் பச்சிலை ஒன்றைக் கசக்கிப் பிழிந்தாரானால், அவருடைய பக்தியில் குறையில்லாமல் இருக்கலாம். தைலம் பழைய தைலமாக இராது. எஞ்சின் எண்ணெயிலும் அதே கதைதான்: தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கூட்டும், புட்டியில் வரும் வழுக்கல் மருந்தும் ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன, பின்னால் வந்தது முன்னிருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வதும் உண்டு.

இராஜபாளையத்தில் சஞ்சீவி மலை நிற்கிறது. அனுமன் சுமந்துபோன மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர் நம்பிக்கை. அந்த அனுமனை இந்திரஜித்து பிரம்மாஸ்திரத்தால் கட்டினான். அஸ்திரக் கட்டு கண்ணுக்குப் புலப்படாததாகையால், அரக்கர்கள் பயந்து, சணல் கயிறும் மரநாரும் கொண்டுவந்து மேலும் இறுக்கினார்கள்; வேறொரு கட்டோடு சேர்ந்திருக்கச் சம்மதியாத பிரம்மாஸ்திரம் உடனே விட்டு நீங்கிற்று. சரணாகதிக்கு இந்தக் கதையைத்தான் வைணவப் பெரியோர் திருஷ்டாந்தமாகச் சொல்வது. பகவானே உபாயம் என்று பற்றியபின், பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று இன்னொன்றையும் பற்றுகிறவனிடம் முதலாவது தங்காது. சரணாகதியின் அங்கங்களில் மகாவிசுவாசம் ஒன்றாக வைக்கப்பட்டதும் இதனால்தான். அரக்கர்கள் கெட்டிக்காரர்கள், சுறுசுறுப்பானவர்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத கட்டை நம்ப அவர்களால் இயலவில்லை. கடையில் பணத்தை எண்ணிக்கொடுத்தபோது என் கையிலும் சணல் கயிறுதான் இருந்தது.

இங்கே யுக்திவாதி குறுக்கிட்டு, "எண்ணெய் விற்பவன் பகவானா? வியாபாரியின் டப்பாவில் மகாவிசுவாசம் வைக்கச் சொல்கிறீரே!" என்று கேட்பான், கேட்க வேண்டியதுதான். விசிஷ்டாத்வைதிகள் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்று மூன்று பிரமாணங்களைக் கொள்கிறார்கள். எஞ்சினுக்குள் நடப்பது நமக்குப் பிரத்தியட்சமில்லை. அனுமானமோ இந்த விஷயத்தில் நம்மை ஓயாமல் ஏய்க்கிறது. கெட்டியான எண்ணெய்தான் பலம் என்று யாருக்கும் தோன்றும், ஆனால் 1936-ல் இராஜபாளையம் மில் தொடங்கிய நாள் முதல் இந்த வட்டாரத்தார் கண்டிருப்பது என்ன? நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் நூற்புக் கதிருக்குத் தண்ணீர் போன்ற எண்ணெய். ஆடி அசைந்து போகும் மாட்டுவண்டியின் அச்சுக்கோ, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. வேகம் ஏற எண்ணெய் மெலிய வேண்டும். ஆகவே மிஞ்சுவது சப்தம், அதாவது நம்பத்தக்கவரின் வாக்கு. அந்த வாக்கு விற்பவனுடையதாக இல்லாமல், எஞ்சினைச் செய்தவன் கையேட்டில் எழுதியதாகவும், சோதித்துப் பார்த்த மூன்றாமவனின் முத்திரையாகவும் இருக்க வேண்டும். என் கையேட்டில் '10டபிள்யூ-30' என்று இருக்கிறது. பனியே விழாத சோழபுரத்தில், குளிர்காலத்தைக் குறிக்கும் அந்த 'டபிள்யூ'வுக்குப் பெரிதாக வேலையில்லைதான். எஞ்சின் சுட்டபின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்லும் அந்த 30-ஐத்தான் நான் கவனிக்க வேண்டும். கூடுதல் புட்டிக்காரர்களின் வாக்கோ பலமுறை பரீட்சையில் தோற்றிருக்கிறது. 'ஸ்லிக் 50' என்ற பிரசித்தமான சரக்கின் விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1996-ல் குற்றஞ்சாட்ட, மறு வருஷமே அதன் உடைமையாளர்கள் ஆதாரமின்றி அப்படிச் சொல்வதில்லை என்று உடன்பட நேர்ந்தது.

விலக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் காப்பதற்காக இப்போதைய கார் எண்ணெய்களில் துத்தநாகக் கூட்டைக் குறைத்துவிட்டபடியால், சில புராதன எஞ்சின்களுக்கு அதைத் தனியே சேர்க்க நேரிடுகிறது. தெரிந்தவர் அளவறிந்து செய்கிற வைத்தியம் அது. பயத்தினால் ஊற்றுகிறவனுக்கு அளவு ஏது?

நண்பர் கிளட்சைப் பிரித்துத் தட்டுகளைத் துடைத்து மாட்டி, புதிய எண்ணெயை அளந்து ஊற்றினார். கூலியை வாங்கிக்கொண்டு, "மிச்சம் இருக்கா அண்ணாச்சி அந்தப் புட்டி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "கீழ போட்டுறாதீங்க," என்றார். வீட்டுக்கு வந்ததும், மூன்று வருஷமாக அதிகாலையில் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்த எங்கள் கொல்லைக் கதவின் கீலில் நாலு சொட்டு விட்டேன். கதவு வாயைத் திறக்கவில்லை.