இங்கேயே கிடைக்கிற மறுமை

கோமாரியில் ஏ4 வீதியோரம் என் போன் கடை. வீடு பொத்துவிலில். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து கதவைத் திறப்பேன், மஃரிபுக்கு முன்பு பூட்டிக்கொண்டு போவேன். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, ரீலோட் போடுவது, பிள்ளைகளுக்கு ஃப்ரீ ஃபயர் கேமின் டயமண்ட் வாங்கிக் கொடுப்பது, இவைதான் பிழைப்பு. கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சில வருடம் அரபுக் கல்லூரியில் ஓதினவன், முடிக்காமல் வந்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போன் கடைக்காரனுக்கு இமாம் கஸ்ஸாலியின் எழுத்து எதற்கு என்று யாராவது கேட்பார்கள்.

ஜும்ஆ பயானில் கேமைப் பற்றி அடிக்கடி கேட்கிறேன். வீண் காரியம், நேரத்தைத் தின்கிறது, ஷைத்தானின் வலை. 2019 ஜூனில் இந்தோனேசியாவின் அச்சே மாகாண உலமாக்கள் பப்ஜி ஹராம் என்று ஃபத்வாவே கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உறுத்துவது வேறொன்று. தொழுகையில் இரண்டு ரக்அத்துக்குள் தலையைச் சொறிந்து, காலை மாற்றி, பக்கத்தில் நிற்பவனை ஓரக்கண்ணால் பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை, போனோடு குந்தினால் ஓர் உறுப்பும் அசையாது. கூப்பிட்டால் கேட்காது. கோமாரிப் பிள்ளைகள் கோயிலிலும் சேர்ச்சிலும் இப்படித்தான் என்று அவர்களின் தாய்மார் சொல்கிறார்கள். உஸ்தாத் எங்களிடம் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத குஷூஃ, மனம் முழுதும் ஓரிடத்தில் நிற்கிற அந்த நிலை, ஒரு சின்னத் திரைக்கு எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது? ஷைத்தானின் வேலை என்று சொல்லி முடித்துவிட்டால், அவன் அதை எப்படிச் செய்கிறான் என்பது தெரியாமலே போய்விடும்.

ஒரு பையன் சார்ஜ் ஏறும் வரை வாங்கில் இருந்து தன் கணக்கைத் திறந்து காட்டினான். எத்தனை மெட்ச், எத்தனை வெற்றி, எத்தனை பேரை விழுத்தியது, அதில் தலையில் பட்ட வெடி எத்தனை, எந்தத் துவக்கால் எத்தனை. எல்லாம் இலக்கம் இலக்கமாக இருந்தது.

"இதெல்லாம் நான் செஞ்சது காக்கா."

"அப்பாவோட கடலுக்குப் போறதில்லையா?"

"போறது. வலை இழுத்தா ஆர் கணக்கு வச்சிருக்கிறது?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. சந்தோசத்தைத் தேடித்தான் பிள்ளைகள் கேமுக்குள் போகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் அவர்கள் முகத்தில் சந்தோசமே கிடையாது, எரிச்சல்தான் இருக்கும். கேம் தருவது கணக்கு. செய்த ஒன்றும் வீணாகாத ஓர் உலகம். தொட்டால் சத்தம் வரும், நடந்தால் தூரம் ஏறும், அடித்தால் இலக்கம் கூடும். யாரோ ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிறார்.

இதை நான் வேறோர் இடத்தில் படித்திருக்கிறேன். கிராமன் காதிபீன், இரு தோளிலும் இரு மலக்குகள், அணுவளவு நன்மையும் தீமையும் தப்பாத ஏடு. மறுமையில் அந்த ஏடு கையில் தரப்படும் என்பது நம் ஈமான். அந்தப் பையனுக்கு ஏடு இப்போதே கையில் இருக்கிறது, ஆறரை அங்குலத்தில். கேம் செய்பவர்கள் மறுமையை நம்புகிறவர்களோ இல்லையோ, மனிதனுக்கு மறுமை எவ்வளவு தேவை என்பதை நம் பயான்காரர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். காத்திருப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கேமின் ஏட்டை எழுதுகிறவர் நேர்மையானவர் இல்லை. ஃப்ரீ ஃபயர் 2017இல் சிங்கப்பூரின் கரேனா நிறுவனம் வெளியிட்டது. ஒரு தீவில் 50 பேர் இறங்குவார்கள், சுமார் பத்து நிமிடத்தில் ஒருவன் மிஞ்சுவான், திரையில் 'பூயா' என்று வரும். புதிதாக வருகிற பிள்ளைக்கு ஆரம்ப மெட்ச்களில் எதிரே நிற்கிறவர்களில் பலர் மனிதரே இல்லை, கேமே இயக்குகிற போட்கள். சுட்டால் விழுவதற்கென்றே வைத்தவை. பிள்ளை தன் திறமை என்று நினைக்கும். அதன்பிறகு லக் ரோயல் என்று ஒரு சக்கரம். டயமண்டைக் கொடுத்துச் சுழற்றினால் ஏதோ ஒன்று விழும். நல்ல உடுப்பு, துவக்குத் தோல் எப்போதாவதுதான் வரும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டி எழுபது வருடத்துக்கு மேலாகிறது. கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால், தானியம் நின்றதும் புறா கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் பழகிய புறா, நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

கரைவலை இழுக்கிறவர்களும் அப்படித்தானே என்று ஒரு மீனவர் என்னை மடக்கினார். ஒருநாள் வள்ளம் நிறையும், பத்து நாள் ஒரு மீனும் கிடையாது, ஆனாலும் விடியற்காலையில் கரையில் நிற்கிறோம். உண்மைதான். ஆனால் கடல் யார் இழுக்கிறார் என்று பார்த்து மீனைக் கூட்டிக் குறைப்பதில்லை. நேற்று சலித்துப்போய்த் திரும்பியவனை இழுத்து வைக்க இன்றைக்குக் கொஞ்சம் சூடை அனுப்புவதில்லை. ரிஸ்க், அதாவது வாழ்வாதாரம், எங்கிருந்து வருகிறது என்று நம்புகிறவன் எவனுக்கும் இந்த வித்தியாசம் சின்னதல்ல. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அந்தச் சக்கரத்தைப் போல, கேமில் காசு கொடுத்துத் திறக்கிற அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு சொன்னது. நம் ஃபிக்ஹில் மைசிர், சூது, என்று இருக்கிற பகுதியைத் திறந்து பார்க்க நமக்குப் பெல்ஜியம் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். நான் டயமண்ட் விற்கிறேன், சக்கரம் சுற்றுவதற்கு என்று கேட்டால் கொடுப்பதில்லை. அவன் பொய் சொல்லி வாங்கிப்போய்ச் சுற்றுவான் என்பதும் தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேறொரு விளையாட்டும் உண்டு. கண்ணகி அம்மன் கோயில்களின் கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வளைந்த இரண்டு கொம்பைக் கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். முறிந்த பக்கத்துக்கு மற்றப் பக்கம் வசை பாடும். மழை பெய்ய வேண்டும், நோய் நீங்க வேண்டும் என்று செய்கிற வழிபாடு அது, அதே நேரம் வெறும் ஆட்டமும்தான். என் மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் அதில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: கொம்பு முறிந்தால் முடிந்தது. கேண்டி க்ரஷ் என்ற கேம் 2012இல் வந்தது, இன்றைக்கும் புதுக் கட்டங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. முறிவதற்கு அதில் எதுவும் இல்லை.

முடிவில்லாத ஒன்றை முடித்துக் காட்டியவன் நானறிய ஒரு வியட்நாமியன்தான், ஹனோயைச் சேர்ந்த டொங் நுயென். 2013 மே மாதம் ஃப்ளாப்பி பேர்ட் என்ற கேமை விட்டான். ஒரு குருவி, சில குழாய்கள், வேறொன்றுமில்லை. அடுத்த வருட ஆரம்பத்தில் உலகமே அதைத் தட்டிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டொலர் வருவதாகச் சொன்னான். 2014 பெப்ரவரியில் கேமையே எடுத்துவிட்டான். சனங்கள் அதற்கு அடிமையாகிப் போனார்கள் என்பதுதான் அவன் சொன்ன காரணம். பேணுதல் என்று நாங்கள் பயானில் கேட்கிற குணத்தை ஒரு கேம்காரனிடம் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கட்டாரில் இருந்து லீவில் வந்த மச்சான் ஒருத்தன், மெய்நிகர் உலகைக் காட்டுகிற வீஆர் கண்ணாடி கொண்டுவந்திருந்தான். தலையில் மாட்டிவிட்டு, "பலகையில நடங்க மச்சான்" என்றான். உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் இருந்து வெளியே நீட்டிய ஒற்றைப் பலகை. கீழே வீதி, எறும்பு போல வாகனங்கள். நான் நிற்பது என் வீட்டு விறாந்தைச் சீமெந்தில் என்பது எனக்குத் தெரியும், மனைவி குசினியில் தேங்காய் துருவுகிற சத்தமும் கேட்கிறது. ஆனால் முழங்கால் நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது, கால் எடுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. பலகை எனக்குப் பழையது. 1037இல் மௌத்தான மெய்யியலாளர் இப்னு சீனா இதே உதாரணத்தை எழுதியிருக்கிறார். தரையில் கிடக்கிற பலகையில் எவனும் நடப்பான். அதையே பள்ளத்தின் மேல் பாலமாக வைத்தால், விழுகிற காட்சி மனதில் எழுந்து உடம்பு அதற்குக் கீழ்ப்படிந்துவிடும். கஸ்ஸாலியும் இதை எடுத்தாண்டார். ஆயிரம் வருடத்துக்கு முன்பு நினைவில் மட்டும் இருந்த பலகையை இப்போது கண்ணுக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்சிலோனாவில் மெல் ஸ்லேட்டர் என்கிற ஆய்வாளர் 2009இல் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். நான் அங்கே இருக்கிறேன் என்கிற மயக்கம் ஒன்று, இங்கே நடப்பது உண்மையில் நடக்கிறது என்கிற மயக்கம் மற்றது. பொய் என்று தெரிந்திருந்தும் இரண்டும் வேலை செய்யும் என்பதுதான் அவர் கண்டது. திரும்பினால் காட்சி திரும்ப வேண்டும், நடப்பவை உன்னைக் கவனித்துப் பதில் தர வேண்டும். இங்கேயும் அதேதான், உன்னைக் கவனிக்கிற உலகம்.

பலகையில் என் மனம் இல்லை என்கிறது, உடம்பு நம்புகிறது. தொழுகை ஸஃப்பில் நிற்கும்போது தலைகீழாக நடக்கிறது: உடம்பு ருகூஃவும் சுஜூதும் சரியாகச் செய்கிறது, மனம் கடைக்கு வரவேண்டிய டிஸ்பிளே பார்சலில் நிற்கிறது. எது பொய், எது தொழுகை என்று என் முழங்காலைக் கேட்டால் தவறாகத்தான் சொல்லும்.

2021 டிசம்பரில் ஹஜருல் அஸ்வத் கல்லை வீஆரில் பார்க்கிற ஏற்பாட்டை மக்காவில் தொடங்கிவைத்தார்கள். உடனே ஒரு கேள்வி கிளம்பியது: இதில் கஅபாவைச் சுற்றினால் ஹஜ்ஜா? 2022 பெப்ரவரியில் துருக்கியின் மார்க்க விவகார அமைப்பான தியானத் பதில் சொன்னது. பார்க்கலாம், ஆனால் அது ஹஜ் ஆகாது. கால் அந்த மண்ணில் பட வேண்டும். சரியான தீர்ப்பு. ஆனால் காரணம் மண் மட்டும்தானா என்று யோசித்தேன், ஏனென்றால் எங்களுக்குக் கல்முனைக் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. நாகூரில் அடங்கியிருக்கிற ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் பெயரில் கல்முனைக்குடிக் கரையில் கட்டிய தர்கா. அவர் அங்கே அடக்கமாகவில்லை, இருப்பது அடையாளம்தான். ஆனாலும் ஜமாதுல் ஆகிர் பிறந்து கொடியேறும்போது பொத்துவிலில் இருந்தும் பஸ் ஏறிச் சனம் போகும். என் உம்மா நேர்ச்சைக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு போவா. தர்காவை ஏற்காத தவ்ஹீத் நண்பர்கள் இதை வாசித்தால் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நான் சொல்வது கூடுமா கூடாதா என்பதைப் பற்றி அல்ல. அந்த இடம் கண்ணுக்கு எதையும் காட்டுவதில்லை. பச்சைத் துணி, ஊதுபத்திப் புகை, கடல் இரைச்சல். மிச்சத்தை வருகிறவர் கொண்டுவருகிறார். என் உம்மா அங்கே கொண்டுபோன அளவுக்கு நான் அந்தக் கண்ணாடிக்குள் எதையும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகச் சொல்லி அது கேட்கவும் இல்லை.

கணக்கு என்று மேலே எழுதியது இங்கேதான் உடைகிறது. மலக்குகளின் ஏடு நிய்யத்தில் தொடங்குகிறது. நல்லது செய்ய நினைத்து முடியாமல் போனவனுக்கும் அதில் ஒரு வரி உண்டு. நோயில் கிடப்பவனுக்கு, சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல் அப்படியே எழுதப்படும் என்று ஹதீஸில் ஓதியிருக்கிறோம். கேமின் ஏட்டில் நினைப்புக்கு இலக்கம் கிடையாது. கூட்டாளியைக் காப்பாற்ற ஓடி வழியில் விழுந்தவனுக்கும் ஓடி ஒளிந்து விழுந்தவனுக்கும் ஒரே பூச்சியம்தான். அதோடு, எழுதுகிற மலக்குக்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கேமின் கணக்கப்பிள்ளைக்கு என் நேரமும் என் காசும் வேண்டும்.

கேமுக்கு மட்டும் இது என்றால் விட்டுவிடலாம். இப்போது மார்க்க ஆப்களும் இதே கணக்கப்பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கின்றன. 2020 நவம்பரில் வந்த செய்தி நினைவிருக்கும். கோடிக்கணக்கானோர் தொழுகை நேரம் பார்க்கிற முஸ்லிம் ப்ரோ ஆப்பில் இருந்து ஆட்கள் நடமாடும் இடத் தகவல் எக்ஸ்-மோட் என்கிற நிறுவனத்துக்குப் போனது, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடையவர்களும் இருந்தார்கள். தாங்கள் இராணுவத்துக்கு எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் ப்ரோ மறுத்தது, எக்ஸ்-மோட்டோடு உள்ள தொடர்பை முறிப்பதாகவும் அறிவித்தது. தஹஜ்ஜுத் என்கிற இரவுத் தொழுகைக்கு எழும்புகிறவனையும் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் மறக்க முடியாததாக இருக்கிறது.

என் மகளின் போனில் வேறோர் ஆப். ஐந்து வக்தும் தொழுது ஒவ்வொன்றாகப் பச்சைக் குறி போட்டால், எத்தனை நாள் தொடர்ச்சியாகத் தொழுதாய் என்று நெருப்புப் படத்தோடு காட்டும். ஒரு வக்து விட்டால் பூச்சியத்தில் இருந்து மறுபடி. அவள் ஆசையாகத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு ஒருநாள் எல்லாம் பூச்சியமாகிப் போனது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஏன் என்று என்னிடம் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னாள்: தொழுகை இல்லாத நாட்கள். அல்லாஹ் தொழச் சொல்லாத நாட்களை அந்த ஆப் தவறவிட்ட நாட்களாக எழுதியிருக்கிறது.

"இதச் செஞ்சவனுக்கு வூட்டுல பொம்பளப் புள்ள ஒண்டும் இல்லயாக்கும்" என்றாள் மனைவி.

ஆண்களுக்கும் அந்தப் பூச்சியம் மார்க்கம் சொல்கிற பூச்சியம் இல்லை. தூங்கியோ மறந்தோ விட்டால் நமக்குக் களா இருக்கிறது, எழும்பியவுடன் தொழுதுவிடலாம். வேண்டுமென்றே விட்டவனுக்கு தவ்பா இருக்கிறது. முந்திய நாட்களை யாரும் அழிப்பதில்லை. முறிந்த இடத்தில் எல்லாவற்றையும் பூச்சியமாக்குவது கேமின் சட்டம். அது பயத்தில் வேலை செய்கிறது, அந்தப் பயம் ஒருமுறை பலித்துவிட்டால் பிள்ளை ஆப்போடு சேர்த்துத் தொழுகையையும் வைத்துவிடும். மகளிடம் அந்த நெருப்புப் படத்தை நிறுத்துவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். பாங்கு நேரத்துக்கும் கிப்லாவுக்கும் ஆப் இருக்கட்டும் என்றாள். இருக்கிறது. எத்தனை நாள் தொழுதாள் என்பது இப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் ஞாபகம் இருக்காது.