சூடு யாருடையது?

நூறு வாட் ஹோம் தியேட்டர் ரிசீவர் என்று ஒரு பொருள் உலகில் இல்லை. அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 100 வாட் என்றிருக்கும். கையேட்டைப் புரட்டினால், 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் இரண்டை மட்டும் இயக்கும்போது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எதனோடு சேர்கிறதோ அதைப் பொறுத்தே அந்த நூறு பிறக்கிறது.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி, 20 வோல்ட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், 50 வாட். அதே 20 வோல்ட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட். வால்யூமை யாரும் தொடவில்லை. ஆனாலும் ரிசீவரின் டிரான்சிஸ்டர்களில் வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்திருந்தால், பாதுகாப்புச் சுற்று படத்தைப் பாதியில் நிறுத்திவிடும். ரிசீவர் விற்றவர் ஸ்பீக்கரைப் பழிப்பார். ஸ்பீக்கர் விற்றவர் ரிசீவரைப் பழிப்பார்.

அந்தச் சூடு யாருடையது? ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் பௌத்த அறிஞர் நாகார்ஜுனர், மூலமத்தியமக காரிகையின் 10ஆம் அத்தியாயத்தில் இப்படியொரு சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் ஆராய்ந்தது தீயையும் விறகையும். இரண்டும் ஒன்றே என்றால் எரிப்பதும் எரிபடுவதும் ஒன்றாகிவிடும். முற்றிலும் வேறு என்றால் விறகே இல்லாமலும் தீ எரிய வேண்டும். இரண்டுமே பொருந்தவில்லை. தன்னியல்பை மட்டும் கொண்டு தனித்து நிற்கும் பொருள் எதுவுமில்லை என்ற முடிவுக்கு அவர் வருகிறார். மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளாக விரித்துரைக்கும், எதுவும் வேறொன்றைச் சார்ந்தே தோன்றும் என்ற பௌத்தக் கொள்கையை நாகார்ஜுனர் அதன் எல்லைவரை கொண்டுபோனார்.

ஸ்பீக்கரின் மின்தடையாவது அதற்கே சொந்தமில்லையா, மீட்டர் வைத்தால் தெரிந்துவிடுமே என்று ஒரு பொறியாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வைத்துப் பார்த்தால், 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கரில் மீட்டர் பெரும்பாலும் 6 ஓம் அளவுதான் காட்டும். பாட்டு ஓடும்போது அந்தத் தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 30 ஓம்கூட ஆகும், இன்னோரிடத்தில் 8க்கும் கீழே இறங்கும். அதோடு, உள்ளே இருக்கும் செப்புச் சுருள் சூடேறினால் தடையும் கூடுகிறது. நூறு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 40 விழுக்காடு. ரிசீவர் சூடாக்கிய ஸ்பீக்கர், ரிசீவரிடம் தான் கேட்கும் மின்னோட்டத்தையே மாற்றிக்கொள்கிறது. நாகார்ஜுனரின் தீயும் விறகும் ஒரு ஒயரின் இரு முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

சட்டமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாட் கணக்கில் நடந்த புளுகை அடக்க, 1974இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது: எத்தனை ஓம் சுமையில் என்று சொல்லாமல் வாட் சொல்லக் கூடாது. அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்குத் திறனில் ஒரு மணி நேரம் ஓட்டவும் வேண்டியிருந்தது. ரிசீவருக்குள் ஒலியைப் பெருக்கும் வழக்கமான ஏபி வகை ஆம்பிளிஃபயர் மிகுதியாகச் சூடாவது உச்சத் திறனில் இல்லை, அதன் பாதிக்கும் சற்றுக் கீழே. சோதனை அந்தக் கடினமான இடத்துக்கு அருகில் வைக்கப்பட்டது. பின்னாளில் அதை எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தியது வருத்தத்துக்குரியது.

எல்லாமே சார்ந்து நிற்பவை என்றால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடாதா? இந்தத் தத்துவத்தின் மேல் வைக்கப்படும் கனமான குற்றச்சாட்டு இதுதான். ஆனால் நாகார்ஜுனர் பெயரால் வழங்கும் இரத்தினாவளி, ஓர் அரசனுக்குச் சொன்ன அறிவுரை. சிறையில் இருப்பவர்களுக்கு உணவு, மருந்து, நீராட வசதி எல்லாம் செய்துதர வேண்டும் என்று அது கடமைகளை அடுக்குகிறது. தனித்து நிற்கும் பொருள் இல்லை என்பதால்தான், எதை எதனோடு சேர்க்கிறோம் என்பது பாரமான செயலாகிறது.

ரிசீவரின் பின்பக்கம் ஏ, பி என்று இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். ஹாலில் ஒரு ஜோடி 6 ஓம் ஸ்பீக்கர், சாப்பாட்டறையில் இன்னொரு ஜோடி. இரண்டும் ஒருசேர ஒலித்தால் பெரும்பாலான ரிசீவர்களில் சுமை 3 ஓமாக இறங்கிவிடும். இரண்டு ஜோடியிலும் பழுதில்லை, ரிசீவரிலும் பழுதில்லை. எத்தனை ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்பதை அந்த முனைகளின் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒயரைச் செருகுபவர் அதைப் படித்தே ஆக வேண்டும்.