கல்லறை எங்கிருந்தால் என்ன?



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, பூவும் மெழுகுதிரியும் வைத்து, மரித்த நம்மவர்களை நினைக்கிறோம். நல்ல வழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்த வேளையில் சிலருடைய மனதில் ஒரு முள் தைத்துக்கொண்டிருக்கிறது. பிழைக்கப்போன ஊரிலே தகப்பனார் மரித்து அங்கேயே அடக்கமானதால், ஒரு திரி கொளுத்தி வைக்கவும் கல்லறை இல்லாதவர்கள் உண்டு. வெளிதேசத்தில் வேலையிலிருந்து, செய்தி கேட்டு ஓடிவந்து சேருமுன் எல்லாம் முடிந்துபோனவர்கள் உண்டு. 2020, 2021ம் ஆண்டுகளில் கொள்ளைநோய்க் காலத்திலே, பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்கவும் கூடாமல், அந்நியர் கையில் ஒப்புக்கொடுத்தவர்கள் உண்டு. இவர்கள் எல்லோரும் தங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: “நான் செய்யவேண்டிய கடமையைச் செய்யாமல் விட்டேனோ?”

இந்தக் கேள்விக்கு ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன்னமே ஒரு தாய் விடை சொல்லிப் போயிருக்கிறாள். அவள் அர்ச். மோனிக்கம்மாள்.

ஆப்பிரிக்காவின் வடபாகத்தில், இப்போது அல்ஜீரியா என்று சொல்லப்படும் தேசத்திலுள்ள தகாஸ்தே ஊரில் வாழ்ந்தவள் அவள். அவளுடைய புருஷன் பத்ரீசியுஸ் அஞ்ஞானியாயிருந்து, தன் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்று மரித்தான். மகன் அகுஸ்தீன் படிப்பில் சூரன், நடத்தையிலோ நெறி தப்பியவன். அவனுக்காக அவள் சிந்தின கண்ணீரை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கண்ணீர் வீண்போகவில்லை. 387ம் ஆண்டு பாஸ்குத் திருநாளின் இரவில், மிலான் நகரத்தில், மேற்றிராணியாராகிய அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார்.

அதே வருஷத்தில் தாயும் மக்களும் சொந்த ஊருக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். கப்பலேறுவதற்காக உரோமாபுரிக்கு அடுத்த ஓஸ்தியா என்னும் துறைமுகத்தில் வந்து தங்கினார்கள். அங்கே ஒருநாள், தோட்டத்தைப் பார்த்த ஒரு பலகணியருகே நின்றுகொண்டு, தாயும் மகனும் நித்திய ஜீவியத்தின் பாக்கியத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அதற்குப் பின் ஏறக்குறைய ஐந்து நாளில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். ஒன்பதாம் நாள், தன் 56ம் வயதில், மரித்தாள்.

பிரியமானவர்களே, அவள் கல்லறையைப் பற்றி ஆசையில்லாதவள் அல்ல. புருஷனை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் வேண்டுமென்று முன்னமே எண்ணி ஏற்பாடு செய்திருந்தாள். நம் வீட்டுத் தாய்மார் விரும்புகிறதைத்தான் அவளும் விரும்பினாள். ஆனால் மரணம் வந்தது கடலுக்கு இக்கரையிலே. அவளுடைய மற்றொரு மகன், அந்நிய நாட்டிலே சாகாமல் சொந்த ஊரிலே மரித்தால் நலமாயிருக்குமே என்று ஆறுதலாய்ச் சொன்னான். அவளோ அவனைக் கண்டிப்பாய்ப் பார்த்தாள். தன் உடலை எவ்விடத்திலாவது வைத்துவிடும்படியும், அதைப் பற்றி அவர்கள் வீணாய்க் கலங்கவேண்டாமென்றும் சொல்லி, ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாள்: அவர்கள் எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தருகே தன்னை நினைத்துக்கொள்ளவேண்டும் என்பதே அது. இதற்குச் சில நாள் முன்னே, இத்தனை தூரத்தில் உடலை விட்டுப்போகப் பயமில்லையா என்று சிலர் அவளைக் கேட்டபோது, சர்வேசுரனுக்கு எந்த இடமும் தூரமல்ல. உலக முடிவில் தன்னை எங்கிருந்து எழுப்பவேண்டுமென்று அவருக்குத் தெரியாமற்போகாது என்று மறுமொழி சொல்லியிருந்தாள்.

இந்தத் தாயின் மரணத்திலிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம் மூன்று.

முதலாவது: சரீர உத்தானத்தை விசுவசிக்கிறவனுக்குக் கல்லறை ஒரு தங்குமிடமேயன்றி நிலையான வீடு அல்ல. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் இதை வாயால் சொல்லுகிறோம். மோனிக்கம்மாள் அதைச் சாகும் வேளையில் மனதாரச் சொன்னாள். நம்முடைய தகப்பனார் எந்த மண்ணில் கிடந்தாலும் சேசுநாதருக்குத் தெரியாத மண் அல்ல. அடையாளக் கல் இல்லாத குழியிலிருந்தும், ஆழக் கடலிலிருந்தும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆகையால், தூரத்தில் அடக்கம் செய்ததைக் குறித்து மனம் நொந்துகொண்டிருப்பவர்களே, அந்த முள்ளை இன்றைக்கே பிடுங்கிப்போடுங்கள்.

இரண்டாவது: விசுவாசம் கண்ணீரைத் தடுக்கிறதில்லை. தாயின் உயிர் பிரிந்தவுடனே, பதினைந்து வயதுப் பேரன் அதேயோதாத்துஸ் ஓவென்று கதறினான். பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். பரிசுத்தமாய் மரித்தவளுக்காக அழுவது தகாது என்று எண்ணி, அகுஸ்தீனும் தன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். கல்லறையருகே அவளுக்காகத் திவ்விய பலிபூசை ஒப்புக்கொடுத்தபோதும் அழவில்லை. துக்கம் தணியுமென்று குளித்துப் பார்த்தார், தணியவில்லை. தூங்கி எழுந்த பிற்பாடு, தனிமையிலே, சர்வேசுரனுடைய சமுகத்தில் வாய்விட்டு அழுதார்; அப்போதுதான் நெஞ்சு ஆறிற்று. இலாசருடைய கல்லறையருகே சேசுநாதர் தாமே கண்ணீர் விட்டாரே! அவனைத் தாமே எழுப்பப் போகிறார் என்று அறிந்திருந்தும் அழுதார். ஆகையால் துக்க வீட்டுக்குப் போய், “நீ கிறிஸ்தவன், அழலாமா?” என்று யாரையும் கடிந்துகொள்ளாதேயுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லுங்கள், அதுவே ஆறுதல்.

மூன்றாவது: மரித்தவர்கள் நம்மிடத்தில் எதிர்பார்ப்பது பீடத்தருகே ஒரு நினைப்பு. இதுதான் நாம் அதிகமாய் மறப்பதும். சாவு வீட்டில் பந்தலுக்கும் வாத்தியத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்குகிறோம். சலவைக்கல்லில் பெயர் வெட்டுகிறோம். கல்லறைச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்று அண்ணன் தம்பி சண்டையிட்டு, வருஷக்கணக்காய்ப் பேசாமலிருக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் அதே ஆத்துமத்துக்காக இந்த வருஷத்தில் எத்தனை பூசை கண்டோம்? எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கி ஒப்புக்கொடுத்தோம்? உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆத்துமாக்கள் தங்களுக்குத் தாங்களே உதவிசெய்துகொள்ள மாட்டார்கள். நம்முடைய ஜெபதபங்களால் அவர்களுக்கு உதவி உண்டு என்பது திருச்சபையின் போதனை. சலவைக்கல் நம் கண்ணுக்கு அழகு. பூசையோ அவர்களுக்கு இளைப்பாற்றி.

அகுஸ்தீன் தாயின் சொல்லை மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேலான பின், அவர் இப்போ நகரத்து மேற்றிராணியாராயிருந்து தம் சரித்திரத்தை எழுதினபோது, அதை வாசிக்கிறவர்களெல்லாம் தம் தாயையும் தகப்பனையும் பீடத்தருகே நினைத்துக்கொள்ளும்படி மன்றாடினார். ஒரு மகனிடத்தில் கேட்ட விண்ணப்பம், இப்படியே உலகமெங்கும் பரவிற்று.

கல்லறை வேண்டாமென்ற அந்தத் தாயின் எலும்புகளுக்குச் சர்வேசுரன் செய்த மகிமையையும் கேளுங்கள். 1430ம் ஆண்டில் அவை ஓஸ்தியாவிலிருந்து உரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டன, அங்கே அர்ச். அகுஸ்தீன் கோவிலில் இன்றும் வணங்கப்படுகின்றன. 1945ம் ஆண்டில் ஓஸ்தியாவில் கோவிலருகே சிறுவர் மண்ணைத் தோண்டினபோது, அவளுடைய பழைய கல்லறையின் எழுத்து வெட்டிய கல் துண்டொன்று வெளிப்பட்டது. அவள் தேடாததைச் சர்வேசுரன் கூட்டிக்கொடுத்தார்.

ஆகையால் இந்த மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியம் செய்யக்கடவது. வீட்டில் மரித்தவர்களுடைய பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இரவு ஜெபத்தில் அவர்களுக்காக நித்திய இளைப்பாற்றி ஜெபம் சொல்லுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரைக்கும் கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளுகிறவர்கள், பாவப்பற்றுதலை விட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பாப்பானவருடைய கருத்துக்காக ஜெபித்தால், அந்த ஆத்துமாக்களுக்காக ஒரு பரிபூரண பலன் அடையலாம், அதை இழந்துபோகாதேயுங்கள். உங்கள் உறவினர் தூரத்தில் அடங்கியிருந்தாலும் கவலையில்லை. நம் ஊர்க் கல்லறையில் முழந்தாளிட்டுச் சொல்லும் ஜெபம் அவர்களுக்கும் எட்டும். கடைசியாக, கல்லறையை முன்னிட்டு மனஸ்தாபப்பட்டிருக்கிற சகோதரர், ஒரே பூசையில் சேர்ந்து வந்து முழந்தாளிடுங்கள். உங்கள் பெற்றோருக்கு அதைவிட நல்ல கல்லறை கட்ட உங்களால் ஆகாது.

நாமும் ஒருநாள் மரிப்போம். எங்கே என்று தெரியாது. எப்போது என்றும் தெரியாது. அந்த வேளையில் நம் பிள்ளைகளிடத்தில் எதைக் கேட்போம் என்று இப்போதே யோசித்து வையுங்கள். மோனிக்கம்மாள் கேட்டதைக் கேட்கத் தெரிந்தவர்கள் சாவுக்குப் பயப்படமாட்டார்கள். ஆமென்.