பட்டியலில் இல்லாத பசி

ஹற்றன் பக்கத்தில் ஒரு சிறு நகரில் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களின் கடன் கொப்பி கல்லாப்பெட்டிக்குள் கிடக்கும். மழை பிடித்து வேலைநாட்கள் குறைந்த மாதங்களில் எந்த லயத்தில் மாவு தீர்ந்தது என்பதை, துரைக்கும் அரசாங்கத்துக்கும் முந்தி அந்தக் கொப்பி அறிந்துகொள்ளும். அதற்காக வாப்பாவைத் தர்மவான் என்று சொல்லிவிட மாட்டேன். வட்டி வாங்காவிட்டாலும் அதை விலையில் சேர்த்துக்கொண்டவர்கள் எங்கள் கடைக்காரர்களில் இருந்தார்கள்.

1942இல் தொடங்கிய கூப்பன் அரிசி ஏறக்குறைய எல்லோருக்குமானது. நீ ஏழைதானா என்று அது கேட்கவில்லை. 1979இல் அது உணவு முத்திரையாகக் குறுகியபோது அந்தக் கேள்வி வந்தது. பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. தோட்ட மக்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: அவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது, சேமலாப நிதி இருக்கிறது. வேலை கொடுத்த நாளுக்குத்தான் அந்தச் சம்பளம் என்பதைப் படிவம் கேட்பதில்லை. 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம்.

அஸ்வெசுமவில் 22 அளவுகோல்கள். தேறியவர்களுக்கு 2023இல் மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை. பெயர்ப் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டினார்கள். விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். தகுதியில்லாதவர் இருந்தால் மற்றவர் ஆட்சேபனை தெரிவிக்கலாம். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு சுவர் மட்டுமே உள்ள லயத்தில், பக்கத்துக் காம்பராவின் பானைக்குள் எட்டிப் பார்க்கும் வேலையை அது அயலவரிடம் கொடுத்துவிடுகிறது.

கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்சிக்காரரின் சிபாரிசில் பெயர்கள் ஏறிய காலத்தையும் நாம் பார்த்தவர்கள்தானே. கண்காணிப்பவரின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி. தகுதியற்றவருக்குக் கொடுத்த பணம் செலவாகப் பதிந்திருக்கும். கணக்காய்வாளர் விரல் வைத்துக் கேட்கலாம். பசித்தவருக்குக் கொடுக்காமல் விட்ட பணம் எந்தப் பேரேட்டில் இருக்கிறது? முதல் தவறுக்கு உத்தியோகத்தர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது தவறு அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே, நேர்மையான உத்தியோகத்தர்கூடச் சந்தேகம் வந்தால் பெயரை வெட்டத்தான் பழகுவார்.

உமர் (ரலி) அவர்கள் இரவில் மாவு மூட்டையைத் தாமே சுமந்து சென்ற சம்பவத்தை பயான்களில் கொடைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அதில் எனக்குப் படுவது வேறு. பிள்ளைகளை ஏமாற்ற வெறும் பானையை அடுப்பில் வைத்திருந்த அந்தத் தாய் எந்த மனுவும் போட்டிருக்கவில்லை. தம்மை ஆள்பவர் தம் நிலையை அறியாதிருக்கிறாரே என்பதுதான் அவளுடைய முறைப்பாடு. அவர் தணிக்கை செய்தது அவளை அல்ல, தம்மை.

இதை எழுத எனக்கு அருகதை குறைவு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஸக்காத் குழுவில் இருந்தேன். தோட்டத்தை அண்டிய குடியிருப்பிலிருந்து ஒரு விதவைத் தாய் வந்தார். “மகன் முச்சக்கர வண்டி வெச்சிருக்கார்தானே?” என்று கேட்டது நான்தான். “இருக்குதுங்க நானா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பெயரை வெட்டினோம். வண்டி லீசிங்கில் எடுத்தது, மூன்று தவணை கட்டாததால் கம்பெனி அதை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது என்பது பெருநாளைக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று போய்க் கேட்டேன். “நீங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேன்” என்றார்.

அந்த வருடக் கணக்கைப் பார்வையிட்டவர்கள் ஒரு சதமும் பிசகவில்லை என்று பாராட்டிக் கையொப்பமிட்டார்கள். அடுத்த றமழானில் இன்னொரு கொப்பி வாங்கினோம். யாரை, என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினோம் என்று அதில் எழுதுகிறோம். முதல் பெயர் அவருடையது.