எந்த 500 ஏக்கர்?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் 'பிளான்ட் குரோத்' என்று ஒரு மந்திரம் உண்டு. சண்டைக்குப் பெரிதாக உதவாது என்று பலர் சீண்டுவதில்லை. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, எட்டு மணிநேரம் உட்கார்ந்து ஓதினால் அரை மைல் ஆரத்துக்குள் இருக்கிற பயிரெல்லாம் ஓராண்டுக்குச் செழிக்கும். விளைச்சல் இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 500 ஏக்கர். ஐந்தாம் நிலையைத் தொட்ட எந்த டிரூயிடாலும் முடியும்.

ஒரு பகல் உழைப்பில் ஒரு ஊரின் விளைச்சலை இரட்டிப்பாக்கக்கூடியவர், அதை விட்டுவிட்டுப் புதையல் தேடிக் குகைக்குள் போகலாமா? பெரிய இழப்பு இல்லாமல் ஒரு கேட்டைத் தடுக்க முடிந்தால், தடுப்பது கடமை என்று 1972இல் பீட்டர் சிங்கர் வாதிட்டார். இதுவரை எனக்கும் சந்தேகமில்லை. ஓதிவிட வேண்டியதுதான்.

சிக்கல் அடுத்த அடியில் இருக்கிறது. எவ்வளவு விளையும் என்று விதி சொல்கிறது. யார் களஞ்சியத்துக்குப் போகும் என்று சொல்வதில்லை. நான் டிரூயிடாக ஆடும் கதையில் ஒரு கிராமம். பிரபுவுக்கு 1000 மூட்டை, ஓரத்துக் குடியானவருக்கு 10. மந்திரத்துக்குப் பிறகு 2000, 20. ரெண்டு பேருக்கும் ரெண்டு மடங்கு, நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் 990ஆக இருந்த இடைவெளி இப்போது 1980. தானியம் குவிந்து விலை விழுந்தால் பிரபு பூட்டிவைத்துக் காத்திருப்பார். கடன் வாங்கிய குடியானவர் உடனே விற்றாக வேண்டும். நிலமே இல்லாதவருக்கு விலை குறைவது நல்லதுதான், கையில் கூலி இருந்தால்.

1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்திய சென் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பஞ்சமில்லாத 1941ஐவிட அந்த ஆண்டு உணவு குறைவாக இல்லை என்று அவர் காட்டினார். விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. சோறு இருந்தது, அதை வாங்கும் வழி இல்லை.

'குட்பெர்ரி' என்ற முதல் நிலை மந்திரம் நேர்மாறானது. பத்துப் பழம், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒருநாள் உணவு. 24 மணிநேரத்தில் சக்தி போய்விடும். பதுக்க முடியாது, நேராக வாய்க்குத்தான் போகும். ஆனால் தினமும் காலையில் என் முன்னால் பத்துப் பேர் கையேந்தி நிற்பார்கள். பிரபுவின் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பிரபு பங்கை உயர்த்தச் சம்மதிக்கும்வரை ஓதமாட்டேன் என்று சொல்லலாமா? என் கொள்கைக்காகப் பட்டினி கிடக்கப்போவது அவர் இல்லை. அதனால் அந்த வழியும் எனக்கு ஒப்பவில்லை.

மிச்சமிருப்பது ஒன்று. அந்த வட்டத்தின் மையத்தை ஓதுகிறவர்தான் தேர்வு செய்கிறார். சிறுநிலங்கள் உள்ளே வர, பிரபுவின் பெருவயல் வெளியே நிற்க, கிராமத்தின் ஓரமாகப் போய் உட்காரலாம். அங்கேயும் கடன்காரன் வருவான், பிரபுவின் ஆட்கள் வருவார்கள். பிரச்சினை முழுதாகத் தீராது. ஆனாலும், "நான் பயிரை மட்டும்தானே வளர்த்தேன், பங்கு பிரித்தது நானா?" என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே பங்கு பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.